எட்ருஸ்கர்: கல்லறைகளும் வாழ்க்கையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பண்டைய இத்தாலியில் உரோமுக்கு முன்பே நகரங்களைக் கட்டி வாழ்ந்த எட்ருஸ்கரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'மர்ம இனம்' என்ற அடைமொழியைச் சேர்த்துவிடும் வழக்கம் இருக்கிறது. தம் தந்தையின் பெயரையும் தாயின் பெயரையும் வகித்த பதவியையும் இறந்தபோது இருந்த வயதையும் கல்லில் பொறித்துவிட்டுச் சென்ற மக்களை அவ்வாறு அழைப்பது பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். வாசகர்கள் பொதுவாக எழுப்பும் கேள்விகளுக்கு, அவர்கள் விட்டுச்சென்ற சான்றுகளைக் கொண்டே இங்கு விடை தர முயன்றிருக்கிறேன்.

எட்ருஸ்கர் யார்? எங்கே, எப்போது வாழ்ந்தார்கள்?

வடக்கே ஆர்னோ ஆறு, தெற்கே டைபர் ஆறு, மேற்கே கடல் என்ற எல்லைகளுக்கு உட்பட்ட நடு இத்தாலியே அவர்களின் தாயகம். செல்வாக்கு மிகுந்திருந்த காலத்தில் வடக்கே போ ஆற்றுச் சமவெளியிலும் தெற்கே காம்பானியாவிலும் அவர்களுடைய நகரங்கள் இருந்தன; இன்றைய பொலோஞாவும் கப்புவாவும் அவற்றுள் அடங்கும். அவர்கள் தம்மை 'ராஸ்னா' என்று அழைத்துக்கொண்டார்கள். கிரேக்கர் அவர்களைத் திர்ரேனியர் என்றார்கள், உரோமர் துஸ்கி என்றும் எட்ருஸ்கி என்றும் குறிப்பிட்டார்கள். தஸ்கனி மாநிலமும் திர்ரேனியக் கடலும் இன்றுவரை அந்தப் பெயர்களையே சுமந்து நிற்கின்றன.

ஏறத்தாழ கி.மு. 900இல் தொடங்கும் வில்லனோவாப் பண்பாடே எட்ருஸ்கரின் முதல் கட்டம் என்று இன்று ஏற்கப்படுகிறது. அவர்கள் ஒருபோதும் ஒரே அரசின் கீழ் வாழவில்லை. செர்வெத்தேரி, தார்குயினியா, வுல்ச்சி, வேயி, கியூசி, வோல்த்தேரா, பெருஜியா போன்ற தனித்தனி நகர அரசுகளாக வாழ்ந்து, பன்னிரு நகரக் கூட்டமைப்பு ஒன்றின் பெயரால் வோல்தும்னா தெய்வத்தின் திருத்தலத்தில் கூடினார்கள். அந்தக் கூட்டமைப்பு சமயத்தில் அவர்களை இணைத்த அளவுக்குப் போரில் இணைக்கவில்லை. பின்னாளில் உரோம் அவர்களை ஒவ்வொரு நகரமாக வீழ்த்த முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அவர்கள் எங்கிருந்தோ குடிபெயர்ந்து வந்தவர்களா?

இந்த விவாதம் பழங்காலத்திலேயே தொடங்கிவிட்டது. பஞ்சத்தால் வாடிய லிடியா நாட்டு (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) மக்களில் ஒரு பகுதியினர் கப்பலேறி இத்தாலிக்கு வந்து எட்ருஸ்கர் ஆனார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். உரோமில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் டியோனீசியஸ் அதை மறுத்து, அவர்கள் அந்த மண்ணின் மக்களே என்றார். அகழ்வாய்வுகளில் புதிய மக்கள் திரளாக வந்து குடியேறியதற்கான தடயம் தென்படவில்லை. வில்லனோவாக் கட்டத்திலிருந்து எட்ருஸ்க நகரங்கள் இடையறாமல் வளர்ந்து வருவதையே மண்ணடுக்குகள் காட்டுகின்றன. கி.மு. 800 முதல் கி.பி. 1000 வரையிலான 82 பேரின் எலும்புகளிலிருந்து மரபணுக்களைப் பிரித்தெடுத்து 2021இல் வெளியான ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. மரபணு அடிப்படையில் எட்ருஸ்கர் அண்டை வீட்டாரான இலத்தீனியரைப் பெரிதும் ஒத்திருந்தார்கள். மொழி மட்டுமே வேறாக இருந்தது.

அவர்களுடைய மொழியை இன்னும் யாராலும் வாசிக்க முடியவில்லை என்கிறார்களே?

இது மிகப் பரவலான தவறு, ஆகவே சற்று விரிவாகவே விளக்க வேண்டும். எட்ருஸ்க எழுத்து கிரேக்க எழுத்திலிருந்து பிறந்தது. பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதப்பட்டது. பயிற்சி பெற்ற எவரும் அதை ஒலிக்கூட்டி வாசித்துவிடலாம். பொருளை முழுமையாக அறிவதில்தான் இடர்ப்பாடு இருக்கிறது. இம்மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஏஜியன் கடலில் உள்ள லெம்னோஸ் தீவில் 1885இல் கிடைத்த கல்வெட்டின் மொழியும் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் பேசப்பட்ட ரேத்திய மொழியுமே இதற்கு உறவென்று சொல்லத்தக்கவை.

கிடைத்துள்ள பொறிப்புகள் ஏறத்தாழ 13,000. அவற்றுள் பெரும்பாலானவை பெயரும் உறவும் வயதும் மட்டுமே கூறும் குறும்பொறிப்புகள். அதனால் நமக்கு நன்றாகத் தெரிந்த எட்ருஸ்கச் சொற்களெல்லாம் குடும்பச் சொற்களாகவே இருக்கின்றன: 'கிளன்' என்றால் மகன், 'செக்' என்றால் மகள், 'புயா' என்றால் மனைவி, 'அவில்' என்றால் ஆண்டு, 'அத்தி' தாய், 'அபா' தந்தை. கடைசிச் சொல்லைக் கண்டதும் தமிழ் வாசகருக்கு ஒரு துள்ளல் எழுவது இயல்பே. ஆயினும் குழந்தையின் மழலையிலிருந்து பிறக்கும் இத்தகைய சொற்கள் தொடர்பற்ற பல மொழிகளில் ஒன்றுபோல அமைவதால், இதைக் கொண்டு மொழியுறவு பேசுவது சரியாகாது. வுல்ச்சியில் கிடைத்த பகடைகளில் புள்ளிகளுக்குப் பதிலாக ஆறு எண்ணுப்பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் 'ஹுத்', 'ஷா' என்ற இரண்டில் எது நான்கு, எது ஆறு என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்திருக்கிறார்கள்.

நீளமான நூல் எதுவுமே கிடைக்கவில்லையா?

ஒன்று கிடைத்திருக்கிறது. 1848இல் மிஹாய்லோ பாரிச் என்ற குரோவேசியர் எகிப்தில் ஒரு பெண்ணின் பதப்படுத்தப்பட்ட உடலை விலைக்கு வாங்கினார். அவ்வுடலைச் சுற்றியிருந்த துணிப்பட்டைகளில் எழுத்துகள் இருந்தன. அவை எட்ருஸ்க எழுத்துகள் என்று 1891இல்தான் அறியப்பட்டது. கோயில் சடங்குகளை நாள்முறையில் வகுத்துக் கூறும், ஆளிநார்த் (லினன்) துணியில் எழுதிய ஒரு நூலை யாரோ கிழித்து உடலைச் சுற்றப் பயன்படுத்தியிருந்தார்கள். ஏறத்தாழ 1,200 சொற்களை அதில் வாசிக்க முடிகிறது. உலகில் எஞ்சியுள்ள மிக நீண்ட எட்ருஸ்க எழுத்து அதுவே. இன்று அது சாக்ரெப் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மக்கள் எழுதிய நூல்களில் ஒன்றே ஒன்று, அதுவும் வேற்று நாட்டில் ஒரு பெண்ணின் பிணத்தைப் போர்த்தியதால் மட்டுமே பிழைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

நீளத்தில் சிறியவையானாலும், 1964இல் செர்வெத்தேரியின் துறைமுகமாகிய பீர்கியில் கிடைத்த மூன்று தங்கத் தகடுகளைச் சொல்ல வேண்டும். செர்வெத்தேரியின் ஆட்சியாளர் தெஃபாரியே வெலியானாஸ், ஊனி தெய்வத்துக்குச் செய்த காணிக்கையை இரண்டு தகடுகள் எட்ருஸ்கத்திலும் ஒன்று ஃபினீசியத்திலும் கூறுகின்றன. ஃபினீசியத் தகட்டில் ஊனிக்குப் பதிலாக அஸ்தார்த்தே என்ற ஃபினீசியப் பெண்தெய்வத்தின் பெயர் வருகிறது.

கல்லறைகளை வைத்தே அவர்களைப் பற்றிப் பேசுகிறோமே, அவர்கள் சாவையே நினைத்துக்கொண்டிருந்தார்களா?

இல்லை. வீடுகளுக்குக் கல் அடித்தளம் இட்டிருந்தாலும் சுவர்களைப் பச்சைச் செங்கல்லாலும் மரத்தாலும் எழுப்பினார்கள். கோயில்களும் பெரும்பாலும் மரத்தாலும் சுடுமண்ணாலும் ஆனவையே. அவை மழையிலும் தீயிலும் கரைந்தன. அவர்களின் பல நகரங்களின்மேல் உரோமரும் பின்னர் இடைக்கால மக்களும் ஊர்களைக் கட்டிக்கொண்டார்கள். கல்லறைகள் மட்டும் ஊருக்கு வெளியே, பாறைக்குள்ளே வெட்டப்பட்டிருந்ததால் நின்றன. இவ்வாறு எஞ்சிநின்றதன் விளைவை அம்மக்களின் இயல்பாகக் கருதிவிடக் கூடாது. அந்தக் கல்லறைகளுக்குள்ளும் நாம் காண்பவை கட்டில், தலையணை, விருந்து, குழல், நாய், பகடை ஆகியவையே.

இறந்தவர்களை எரித்தார்களா, புதைத்தார்களா?

இரண்டும் உண்டு; காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறியது. தொடக்கத்தில் எரித்துச் சாம்பலை இருகூம்பு வடிவத் தாழியில் இட்டுக் குழியில் வைத்தார்கள். ஆணின் தாழியைச் சில சமயம் தலைக்கவசம் கொண்டு மூடினார்கள். பெண்ணின் தாழியோடு நூற்கும் தக்களியின் வில்லைகளை வைத்தார்கள். சிலருடைய சாம்பல், கூரை வேய்ந்த குடிசையின் வடிவில் செய்த சிறு மண்கலத்தில் வைக்கப்பட்டது. அந்தக் குடிசைத் தாழிகள் வழியாகவே அக்கால வீட்டின் கதவும் கூரைச் சட்டங்களும் எப்படி இருந்தன என்பதை ஓரளவு அறிகிறோம்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து தென்பகுதி நகரங்களில் உடலைக் கிடத்திப் புதைக்கும் வழக்கம் பெருகியது. உள்நாட்டு நகரமான கியூசியிலும் வடக்கே வோல்த்தேராவிலும் எரிப்பதே நெடுங்காலம் நீடித்தது. கியூசி மக்கள் தாழியின் மூடியை மனிதத் தலையாக வனைந்து, தாழிக்குக் கைகளும் வைத்து, அதை ஒரு நாற்காலியில் அமர்த்தினார்கள். எரிந்து சாம்பலானவருக்கு மறுபடி ஓர் உடலைத் தந்து வீட்டில் அவருக்குரிய இருக்கையில் உட்கார வைத்தார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். வோல்த்தேராவில் பிற்காலத்தில் வெண்பளிங்கு போன்ற அலபாஸ்டர் கல்லில் சிறு பெட்டிகள் செய்து, மூடியில் இறந்தவர் விருந்தில் சாய்ந்திருப்பதுபோல் செதுக்கினார்கள்.

செர்வெத்தேரியின் கல்லறைகளை 'இறந்தோரின் நகரம்' என்பது ஏன்?

அங்குள்ள பண்டித்தாச்சா இடுகாட்டில் நுழைந்தால் தெரு, குறுந்தெரு, சிறு சதுக்கம் என ஊரின் அமைப்பே காணப்படுகிறது. தேர்ச்சக்கரங்கள் தேய்த்த தடங்கள்கூடப் பாறைத் தரையில் பதிந்திருக்கின்றன. எரிமலைச் சாம்பல் இறுகிய தூஃபா என்னும் பாறை வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப்பட்டபின் உறுதியாகவும் இருக்கும். இந்த இடுகாடு உருவானதற்கு அந்தப் பாறையே மூலகாரணம். பாறையைச் சுற்றிச் செதுக்கி வட்ட மேடையாக்கி, மேலே மண்ணைக் குவித்துக் குன்றுபோல் ஆக்கினார்கள். உள்ளே கூடமும் அறைகளும் உண்டு. பாறைக்கு உத்தரமே தேவையில்லை. இருந்தும் கூரையில் உத்தரமும் கைமரமும் இருப்பதுபோல் செதுக்கினார்கள். ஓலைக் கூரை வீட்டை அப்படியே பாறையில் படியெடுத்த பழைய கல்லறையும் அங்கு உண்டு. மரவீடுகள் அழிந்துபோனபின் அவற்றின் உட்புறத்தைக் காட்டும் வரைபடமாக இக்கல்லறைகளே நமக்கு உதவுகின்றன.

உடலைக் கிடத்தும் கற்கட்டில்களிலும் வேறுபாடு உண்டு: ஆணுக்குரியது கடைந்தெடுத்த கால்களோடும், பெண்ணுக்குரியது இருபுறமும் வீட்டு முகடுபோன்ற முக்கோணப் பலகையோடும் அமைந்தது. வாயிலுக்கு வெளியே ஆணுக்குத் தூண் வடிவிலும் பெண்ணுக்குச் சிறு வீட்டு வடிவிலும் அடையாளக் கற்களை நட்டார்கள். ஆகவே, எலும்புகள் சிதறிப்போன கல்லறையிலும் அங்கே எத்தனை ஆண்களும் எத்தனை பெண்களும் இடம்பெற்றார்கள் என்பதை ஓரளவு கணிக்க முடிகிறது.

இங்குள்ள கல்லறைகளுள் ஒன்றே ஒன்றைப் பார்க்க முடியுமென்றால் எதைப் பார்க்கலாம்?

தயக்கமின்றிப் புடைப்புச் சிற்பக் கல்லறையைச் சொல்வேன். மத்துனா குடும்பத்தினர் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அமைத்த இக்கல்லறை 1847இல் கண்டுபிடிக்கப்பட்டது. தூண்களிலும் சுவர்களிலும் வீட்டுப் பொருள்கள் சுதையால் புடைப்பாகச் செய்யப்பட்டு வண்ணம் தீட்டப்பட்டிருக்கின்றன: கத்திகள், கோடரி, கயிற்றுச் சுருள், கூஜா, ஆட்டப் பலகை, கேடயங்கள், ஒரு நாய், ஒரு வாத்து. நடு மாடத்தின் கட்டிலில் இரண்டு தலையணைகள், கீழே கால்மணையின்மேல் ஒரு சோடிக் காலணிகள். பக்கத்தில் ஒரு பெட்டி. அதன்மேல் மடித்து வைத்த துணி. அந்தத் துணியை ஆளிநார்த் துணியில் எழுதிய நூல் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சாக்ரெபில் உள்ள நூல் ஒருகாலத்தில் எவ்வாறு மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்பதை இங்கே காணலாம். இத்தனை வீட்டுப் பொருள்களுக்கு நடுவே, கட்டிலுக்குக் கீழே பல தலை கொண்ட கீழுலக நாயும் பாம்புக்கால் உடைய ஓர் உருவமும் இருக்கின்றன. வீடும் கீழுலகமும் அங்கே ஒரே அறையில் இருக்கின்றன.

தார்குயினியாவின் சுவரோவியங்களில் துயரத்தைவிட மகிழ்ச்சி மிகுந்திருப்பது ஏன்?

தார்குயினியாவின் மொந்தெரோத்சி இடுகாட்டில் ஏறத்தாழ 6,000 கல்லறைகள் உள்ளன. அவற்றுள் ஓவியம் தீட்டியவை 200 அளவிலேயே உள்ளன. பெருஞ்செல்வர் மட்டுமே ஓவியம் தீட்டச் செய்தார்கள் என்பதை இந்த விகிதமே சொல்லிவிடும். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த சிறுத்தைகள் கல்லறையில் ஆண்களும் பெண்களும் மஞ்சங்களில் சாய்ந்து விருந்துண்கிறார்கள். பணியாளர் மது கொண்டு வருகிறார்கள். இரட்டைக் குழல் ஊதுபவரும் யாழ் போன்ற நரம்புக் கருவியை மீட்டுபவரும் மரங்களுக்கிடையே நடந்து வருகிறார்கள். ஒருவர் முட்டையொன்றை உயர்த்திப் பிடித்துக் காட்டுகிறார். முட்டை மறுபிறப்பின் குறியீடு என்பது பரவலான விளக்கம். வேட்டை-மீன்பிடிக் கல்லறையில் ஒரு சிறுவன் பாறையிலிருந்து தலைகீழாகக் கடலில் குதிக்கிறான்; மற்றவர்கள் படகிலிருந்து தூண்டில் வீசுகிறார்கள்; வானமெங்கும் பறவைகள்.

இந்த விருந்து ஈமச் சடங்கின் விருந்தா, இறந்தவர் மறுமையில் சுவைக்கும் விருந்தா, வாழ்ந்த நாளின் நினைவா என்று ஆய்வாளர்கள் பல தலைமுறைகளாக வாதிடுகிறார்கள். ஓவியன் மூன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதே என் கருத்து. பல கல்லறைகளில் கூரையில் துணிப்பந்தலைப் போன்ற வண்ணக் கட்டங்களும் விட்டத்தைத் தாங்கும் கம்பங்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. ஈமக் கடனுக்காகத் திறந்தவெளியில் இட்ட பந்தலையே நிலத்தடியில் நிலைபெறச் செய்திருக்கிறார்கள் என்று அதைக் கொள்ளலாம். துயரமும் அங்கு இல்லாமல் இல்லை. கி.மு. 530 அளவில் தீட்டப்பட்ட குறிசொல்வோர் கல்லறையில், மூடிய கதவொன்றின் இருபுறமும் நிற்கும் இரண்டு ஆண்கள் ஒரு கையை நெற்றியில் வைத்து மறுகையைக் கதவை நோக்கி நீட்டுகிறார்கள். அந்த ஓவியக் கதவு திறக்காதது.

ஈமச் சடங்குகளில் விளையாட்டுகள் நடந்தனவா?

நடந்தன. அதே கல்லறையில் இரு மல்லர்கள் கைகோத்து நிற்க, பரிசாகத் தரப்படும் உலோகக் கிண்ணங்கள் அவர்களுக்கிடையே அடுக்கப்பட்டிருக்கின்றன. குத்துச்சண்டை, தேரோட்டம், ஓட்டம், வட்டெறிதல் ஆகியவை பிற கல்லறைகளில் காணப்படுகின்றன. இவற்றோடு காண்போரை உறையவைக்கும் காட்சி ஒன்றும் உண்டு. தாடியுள்ள முகமூடி அணிந்த ஒருவன் நீண்ட கயிற்றால் கட்டிய நாயை, தலையில் சாக்குப்பை மூடிய மனிதன்மேல் ஏவுகிறான். நாய் கடித்த இடங்களில் குருதி வழிகிறது. பார்வை மறைக்கப்பட்ட அம்மனிதன் தடியால் தற்காத்துக்கொள்ள முயல்கிறான். முகமூடிக்காரனின் அருகில் 'ஃபெர்சு' என்று எழுதியிருக்கிறது. இலத்தீனில் முகமூடியையும் நாடகப் பாத்திரத்தையும் குறிக்கும் 'பெர்சோனா' என்ற சொல் இதிலிருந்தே வந்ததாகப் பெரும்பாலோர் கருதுகிறார்கள். உரோமரின் வாள்வீரர் போட்டிகளுக்கு இதுவே தோற்றுவாய் என்று சிலர் எழுதுவது சான்றை மீறிய துணிவு. இறந்தோர் நினைவாகக் குருதி சிந்தும் வழக்கம் இத்தாலியில் பலரிடையே இருந்தது என்று மட்டும் கூறலாம்.

பிற்காலக் கல்லறைகளில் பேய் உருவங்கள் ஏன் தோன்றுகின்றன?

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஓவியங்களின் மனநிலை மாறுகிறது. நீலநிற மேனியும் வளைந்த மூக்கும் கையில் சம்மட்டியும் கொண்ட சாருன், தீப்பந்தம் ஏந்திய சிறகுள்ள பெண் வந்த் ஆகியோர் தோன்றுகிறார்கள். கி.மு. 474இல் காம்பானியாவின் கிரேக்க நகரமான கூமே அருகே கடற்போரில் கிரேக்கரிடம் அடைந்த தோல்வியும் உரோமின் நெருக்குதலும் மக்களைச் சோர்வுக்குள் தள்ளியதால் கலை இருண்டது என்று பழைய நூல்கள் விளக்கும். அந்த விளக்கத்தை நான் முழுதாக ஏற்பதில்லை. சாருன் யாரையும் வதைப்பதாகக் காட்டப்படுவது அரிது. அவன் வாயிலில் நிற்கிறான். வந்த் வழிகாட்ட விளக்கேந்துகிறாள். பிற்கால ஓவியங்களில் இறந்தவர் கீழுலகுக்குப் பயணம் போகிறார், முன்னே இறந்த உறவினர்கள் அவரை எதிர்கொண்டு வரவேற்கிறார்கள். 1985இல் கண்டறியப்பட்ட நீலப் பேய்கள் கல்லறையில் இந்தப் பயணம் தெளிவாகத் தெரிகிறது. விருந்தைத் தீட்டிய மரபு, விருந்துக்குச் செல்லும் வழியையும் தீட்டத் தொடங்கியது என்று கொள்வதே பொருத்தமாகும்.

எட்ருஸ்கப் பெண்களுக்குச் சமவுரிமை இருந்ததா?

சமவுரிமை என்ற இக்காலச் சொல்லை அப்படியே பொருத்த முடியாது; அரசுப் பதவிகளில் ஆண்களின் பெயர்களே காணப்படுகின்றன. ஆனால் கிரேக்க, உரோமப் பெண்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரிது. உரோமப் பெண் தந்தையின் குலப்பெயரின் பெண்பால் வடிவத்தாலேயே அழைக்கப்பட்டாள். எட்ருஸ்கப் பெண்ணுக்கு ரம்தா, லார்த்தியா, தானா, வெலியா எனத் தனக்கே உரிய பெயர் இருந்தது. மகனின் கல்லறைப் பொறிப்பில் தந்தை பெயரோடு தாயின் பெயரும் குலமும் அடிக்கடி இடம்பெற்றன. கணவனோடு ஒரே மஞ்சத்தில் சாய்ந்து பெண் விருந்துண்டாள். ஏதென்ஸில் ஆண்களின் விருந்தில் மனைவிக்கு இடமில்லை. அங்கே வரும் பெண் இசைப்பவளாகவோ கணிகையாகவோ இருப்பாள். ஆகவேதான் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்கர் தியோபோம்பஸ், எட்ருஸ்கப் பெண்கள் எவரோடும் விருந்துண்பார்கள், குழந்தையின் தந்தை யாரென்றே அறியமாட்டார்கள் என்று அவதூறாக எழுதினார். தந்தை பெயரையும் தாய் பெயரையும் தலைமுறை தலைமுறையாகக் கல்லில் பொறித்த மக்களைப் பற்றி இப்படி எழுதியது எவ்வளவு அநியாயமானது என்பதை அந்தக் கல்வெட்டுகளே காட்டுகின்றன.

1881இல் செர்வெத்தேரியில் ஏறத்தாழ 400 துண்டுகளாகக் கிடைத்து ஒட்டப்பட்ட தம்பதியர் ஈமப்பேழை இன்று உரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 520 அளவில் சுடுமண்ணில் செய்த அப்பேழையின்மேல் கணவன் மனைவியின் தோளில் கையிட்டிருக்கிறான், இருவரும் புன்னகைக்கிறார்கள், அவளுடைய கைகள் பேசிக்கொண்டே இருப்பவரின் கைகளைப்போல் நீண்டிருக்கின்றன. இதற்கிணையான இன்னொரு பேழை பாரிஸின் லூவரில் உள்ளது. 1886இல் கியூசி அருகே கிடைத்து இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள சையாந்தி ஹனுனியா த்லெஸ்னாசாவின் பேழையையும் சொல்ல வேண்டும். மூடியில் அவள் கண்ணாடியைப் பிடித்து முக்காட்டைச் சரிசெய்யும் இளம்பெண்ணாகத் தோன்றுகிறாள். உள்ளே இருந்த எலும்புகளோ ஐம்பது வயதைக் கடந்த பெண்ணுடையவை. தம்மை எப்படி நினைவுகொள்ள வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்.

அன்றாட உணவும் உடையும் வீடும் எப்படி இருந்தன?

எம்மர் வகைக் கோதுமை, வாற்கோதுமை, பருப்பு வகைகள், ஆலிவ், திராட்சை ஆகியவை விளைந்தன; பன்றி, ஆடு, மாடு வளர்த்தார்கள். ஒர்வியேத்தோ அருகே 1863இல் கண்டறியப்பட்ட கொலினி கல்லறை ஓவியத்தில் ஒரு சமையற்கூடமே இருக்கிறது: உரித்த மாடு தொங்குகிறது, முயலும் பறவைகளும் கொக்கியில் மாட்டப்பட்டிருக்கின்றன, ஒருவர் இறைச்சியை வெட்டுகிறார், மற்றவர்கள் அடுப்பையும் மேசையையும் கவனிக்கிறார்கள், அருகில் ஒருவர் குழல் ஊதுகிறார். எட்ருஸ்கர் மாவு பிசைவதும் குத்துச்சண்டையிடுவதும் குழலிசைக்கேற்பவே என்று கிரேக்கர் வியந்து எழுதியது மிகையன்று என்று இந்த ஓவியத்தைக் கண்டால் தோன்றுகிறது.

உடையில் வளைந்த ஓரமுள்ள மேலாடையும் நுனி மேல்நோக்கி வளைந்த காலணியும் குறிப்பிடத்தக்கவை. உரோமக் குடிமக்கள் உடலைச் சுற்றிப் போர்த்திய தோகா அந்த மேலாடையின் வழிவந்தது. ஆடிய பற்களைத் தங்கப் பட்டையால் அண்டைப் பல்லோடு பிணைக்கவும் அறிந்திருந்தார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டு முதல் ஓலைக்கு மாற்றாகச் சுட்ட ஓடு வந்தது. பொலோஞாவுக்கு அருகிலுள்ள மர்சபொத்தோவில் பிற்கால ஊர் எதுவும் எழாததால், நேர்க்கோட்டுத் தெருக்களும் வடிகால்களும் கிணறுள்ள முற்றங்களும் கொண்ட ஒரு முழு நகரத்தின் தளத்தை இன்றும் நடந்து பார்க்கலாம்.

செல்வம் எங்கிருந்து வந்தது?

முதன்மையாக உலோகத்திலிருந்து. எல்பா தீவின் இரும்புத் தாதுவைக் கடல் கடந்து கொண்டுவந்து பொப்புலோனியாவில் உருக்கினார்கள். உருக்கிய கசடு மலைபோல் குவிந்து பழைய கல்லறைகளையே மூடிவிட்டது. அக்கசட்டில் இரும்பு எஞ்சியிருந்ததால் 20ஆம் நூற்றாண்டில் அதை அள்ளி மறுபடி உருக்கியபோதுதான் அக்கல்லறைகள் வெளிப்பட்டன. தெற்கு பிரான்சு வரை மது அனுப்பினார்கள். கண்ணாடிபோல் மின்னும் 'புக்கெரோ' என்னும் கருப்பு மட்கலங்கள் மத்தியதரைக் கடலெங்கும் கிடைக்கின்றன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத தங்க மணிகளை வரிசையாகப் பற்றவைக்கும் நகைவேலையில் அவர்களை விஞ்சியவர் குறைவு. 1836இல் செர்வெத்தேரியில் திறக்கப்பட்ட ரெகோலினி-கலாசி கல்லறையின் தங்கப் பதக்க ஊசி இன்று வத்திக்கானில் உள்ளது.

அடிமைகளும் இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. மது ஊற்றும் சிறுவனும் சமையற்காரனும் பெரும்பாலும் உரிமையற்றவர்களே. கி.மு. 265 அளவில் வோல்சினி நகரில் அடிமை நிலையிலிருந்து எழுந்தவர்கள் ஆட்சியைக் கைப்பற்ற, பழைய குடும்பங்கள் உரோமை அழைத்தன. உரோமர் அடுத்த ஆண்டே நகரை அழித்து, சிலைகளை அள்ளிச் சென்றார்கள்.

விலங்கின் ஈரலைப் பார்த்துக் குறி சொன்னது உண்மையா?

உண்மை. தார்குயினியாவில் உழுத சாலிலிருந்து தாகேஸ் என்ற சிறுவன் தோன்றி அந்தக் கலையைக் கற்பித்தான் என்ற கதையை உரோமப் பேச்சாளர் சிசரோ பதிவுசெய்திருக்கிறார். 1877இல் பியாசென்சா அருகே ஓர் உழவர் கண்டெடுத்த வெண்கல ஈரல், செம்மறியாட்டின் ஈரலைப் பின்பற்றியது. அதன் விளிம்பு 16 பிரிவாக வகுக்கப்பட்டுத் தெய்வப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வானத்தை 16 பகுதிகளாகப் பிரித்து, மின்னல் எந்தப் பகுதியில் தோன்றியதென்று பார்த்ததோடு இது ஒத்துப்போகிறது. உரோமர் இக்கலையை இறுதிவரை நாடினார்கள். கி.பி. 408இல் கோத்தியர் மன்னன் அலாரிக் உரோமை முற்றுகையிட்டபோதும் எட்ருஸ்கக் குறிசொல்வோர் உதவ முன்வந்ததாகப் பதிவு உண்டு.

இறுதியில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது?

கி.மு. 396இல் வேயி உரோமிடம் வீழ்ந்தது. மற்ற நகரங்கள் அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்குள் அடங்கின. கி.மு. 90-89இல் உரோமக் குடியுரிமை கிடைத்தபின் இலத்தீன் பரவி, எட்ருஸ்க மொழி மறைந்தது. மக்கள் அழியவில்லை, உரோமராகிவிட்டார்கள். பெருஜியாவிலும் கியூசியிலும் ஒரே குடும்பக் கல்லறையில் தாத்தாவின் பெயர் எட்ருஸ்கத்திலும் பேரனின் பெயர் இலத்தீனிலும் இருப்பதைக் காணலாம். பேரரசர் கிளாடியஸ் எட்ருஸ்கர் வரலாற்றை 20 தொகுதிகளாகக் கிரேக்கத்தில் எழுதினார். அவற்றில் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை.

கல்லறைக் கொள்ளை இன்னும் தொடர்கிறதா?

கொள்ளையர் நெடுங்காலமாக ஆய்வாளர்களை முந்தியே வந்திருக்கிறார்கள். 1971இல் செர்வெத்தேரியில் திருடப்பட்ட, யூஃப்ரோனியோஸ் தீட்டிய கிரேக்க மதுக்கலத்தை நியூயார்க்கின் பெருநகர அருங்காட்சியகம் மறு ஆண்டே 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2008இல்தான் அது இத்தாலிக்குத் திரும்பியது. கலம் திரும்பியது, ஆனால் அது எவருடைய கல்லறையில், எந்தப் பொருள்களுக்கு நடுவே, எவருடைய உடலருகே இருந்தது என்ற செய்தி திரும்பவில்லை. பொருளைவிட அந்தச் செய்தியை இழந்ததே பெரிய இழப்பு. இதற்கு நேர்மாறாக, 1950களில் கார்லோ லெரிச்சி என்ற பொறியாளர் நிலத்தின் மின்தடையை அளந்து கல்லறைகளைக் கண்டறிந்து, சிறு துளையிட்டு உள்ளே ஒளிப்படக் கருவியை இறக்கிப் பார்த்தார். தோண்டாமலே உள்ளிருப்பதை அறிந்த அம்முறையால் 1958இல் ஒலிம்பிக் கல்லறை கண்டறியப்பட்டது.

நேரில் பார்க்க விரும்புவோர் எங்கே செல்லலாம்?

செர்வெத்தேரியும் தார்குயினியாவும் 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இரண்டுக்கும் உரோமிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியும் என்றாலும் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதலில் வில்லா ஜூலியாவைப் பார்த்துவிட்டுச் சென்றால் வெறுமையான கற்கட்டில்களின்மேல் என்னென்ன இருந்தன என்பது மனத்தில் நிற்கும். தார்குயினியாவில் கல்லறை அறைக்குள் கால் வைக்க முடியாது. மனித மூச்சின் ஈரமே ஓவியத்தை உரித்துவிடும் என்பதால் படிகளின் அடியில் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். அதன்முன் நின்று விளக்கின் பொத்தானை அழுத்தினால் சிறிது நேரம் மட்டுமே ஒளி இருக்கும். அந்த நேரத்தை ஒளிப்படம் எடுப்பதில் செலவிடாமல், முதலில் எதிர்ச்சுவரில் சாய்ந்திருக்கும் தம்பதியரின் கைகளைப் பாருங்கள்.